பன்னிரண்டு வியாழக்கிழமைகள்

தென் மாவட்ட நகரம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வரக் கூடாது என்று முதல் வரியிலேயே கேட்டுக்கொண்டிருப்பதால் இரண்டையும் விட்டுவிட்டேன். கடையை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது 36. பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் சேலைப் பிரிவில் ஆறு ஆண்டுகளை முடித்து ஏழாவது ஆண்டாக வேலை செய்கிறார். மாதச் சம்பளம் 14,500 ரூபாய், அதில் ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு 109 ரூபாய் பிடிக்கிறார்கள். கணவர் லோடு வேன் ஓட்டுகிறார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இவருடைய விரல் கணுக்கள் வீங்கத் தொடங்கின. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கையை மடக்க முடியாது. பல இடங்களில் காட்டிய பிறகு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முடக்குவாதம் என்று சொல்லி, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய ஒரு மாத்திரையை ஆரம்பித்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை, வியாழக்கிழமை மட்டுமே நடக்கும் வாதநோய்ப் பிரிவுக்கு அவர் நேரில் போக வேண்டும். காலை ஆறு மணி பஸ், சீட்டு வரிசை, இரத்தப் பரிசோதனை, மருத்துவர், மறுபடி மருந்து வரிசை என்று எல்லாம் முடியப் பகல் ஒரு மணி ஆகிவிடுகிறது.

நோயைப் பற்றிக் கடையில் யாருக்கும் அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம் சொல்லி விடுப்பு கேட்கிறார். "இதுவரை என் மாமியாருக்கு நான்கு தடவை காய்ச்சல் வந்துவிட்டது, நாத்தனார் வீட்டில் இரண்டு சடங்கு முடிந்துவிட்டது" என்று அவரே எழுதியிருக்கிறார். ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்துவிடுகிறார்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்களில் விடுப்பே கிடையாது என்று சொல்லிவிட்டதால் இரண்டு பரிசோதனைகள் தவறிப்போயின. பழைய சீட்டைக் காட்டித் தெரு மருந்துக்கடையில் அதே மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். போன மாதம் மறுபடி விடுப்பு கேட்டபோது பிரிவு மேலாளர், "உடம்புக்கு ஏதோ இருக்கிறதென்று தெரிகிறது. முடியாவிட்டால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ" என்று சொன்னாராம்.

அவருடைய கேள்விகள் நான்கு. இரண்டு நாள் சம்பளத்தைப் பிடிப்பது சரியா? மருத்துவமனைக்குப் போகும் நாளுக்கு ஈ.எஸ்.ஐ.யிலிருந்து பணம் வருமா? நோயைச் சொன்னால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களா? பேசாமல் ராஜினாமா செய்துவிட்டு வீட்டிலேயே தையல் வேலை பார்க்கலாமா?

அன்புச் சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்ற மூன்றுக்கும் நிதானமாகப் பேசலாம், இதற்கு அவகாசம் இல்லை. ராஜினாமா எழுதாதீர்கள். மேலாளர் காகிதத்தை நீட்டினாலும், "சும்மா ஒரு கையெழுத்து, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னாலும், தேதி போடாத வெள்ளைத்தாளாக இருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களை அவர்கள் வேலையை விட்டு நீக்கினால் சட்டத்தில் நமக்குக் கதவுகள் இருக்கின்றன. நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அவற்றில் பெரும்பாலானவற்றை நீங்களே சாத்தியதாக ஆகிவிடும். விரல் கணுக்கள் வீங்கியிருக்கும்போது தையல் மெஷினை நம்பிக் கையிலிருக்கும் சம்பளத்தை விடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி நீங்கள் எழுதியதிலேயே என்னை அதிகம் கவலைப்பட வைத்த விஷயம். அது சம்பளப் பிடித்தம் அல்ல, அந்த இரண்டு மாதங்கள். நான் மருத்துவன் அல்லன். ஆனால் வாரம் ஒருமுறை சாப்பிடும் அந்த வகை மாத்திரையை, கல்லீரலும் இரத்த அணுக்களும் எப்படி இருக்கின்றன என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டுதான் கொடுக்கிறார்கள் என்பது முடக்குவாத நோயாளிகள் எல்லோருக்கும் சொல்லப்படும் செய்தி. ஆகவே உங்கள் வியாழக்கிழமை, மாத்திரை வாங்கி வரும் நாள் மட்டும் இல்லை. அந்த மாத்திரை உங்களைக் கெடுக்காமல் இருக்கிறதா என்று பார்க்கும் நாளும் அதுதான். மருந்துக்கடைக்காரர் மாத்திரையை எடுத்துக் கொடுப்பார். இரத்தத்தைப் பார்க்க மாட்டார். அடுத்த முறை போகும்போது, இரண்டு பரிசோதனைகள் தவறியதையும் வெளியில் வாங்கிச் சாப்பிட்டதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்தான். திட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் பன்னிரண்டு நாள்

விடுப்பு என்பதை முதலாளி மனம் வைத்துத் தரும் சலுகை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கடிதத்தில் "அண்ணாச்சி நல்ல மனநிலையில் இருக்கும்போது கேட்பேன்" என்று ஒரு வரி வருகிறது. அண்ணாச்சியின் மனநிலைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

தமிழ்நாட்டில் ஜவுளிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை எல்லாவற்றுக்கும் பொருந்தும் சட்டம், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. அதன் 25ஆவது பிரிவு மூன்று வகை விடுப்பைச் சொல்கிறது. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு அடுத்த ஆண்டில் 12 நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறை. அதைச் சேர்த்துவைத்து 24 நாள் வரை கொண்டுபோகலாம். இது ஒன்று. நோய், விபத்து ஆகியவற்றுக்காக ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு, இது இரண்டாவது. மூன்றாவது, நியாயமான எந்தக் காரணத்துக்காகவும் ஆண்டுக்கு 12 நாள் வரை தற்செயல் விடுப்பு, அதுவும் சம்பளத்துடன். பின்னே சொன்ன இரண்டும் வேலையில் சேர்ந்த முதல் ஆண்டிலிருந்தே உண்டு.

மாதம் ஒரு வியாழக்கிழமை என்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டு. தற்செயல் விடுப்பும் பன்னிரண்டு நாள். உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே இந்தக் கணக்கு என் கண்ணில் பட்டுவிட்டது. மாமியாருக்குக் காய்ச்சல் வரவழைக்க வேண்டிய தேவையே உங்களுக்கு இருந்ததில்லை.

நோய்விடுப்பை விட்டுவிட்டுத் தற்செயல் விடுப்பை நான் ஏன் பிடித்துக்கொள்கிறேன் என்று கேட்பீர்கள். உங்கள் கடையில் கொஞ்சம் விவரம் தெரிந்த கணக்குப்பிள்ளை இருந்தால், "ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே, பிறகு தனியாக நோய்விடுப்பு எதற்கு" என்பார். அந்தப் பேச்சை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஈ.எஸ்.ஐ.யில் கிடைக்கும் பயனைப் போன்ற இன்னொரு பயனை வேறொரு சட்டத்தின் கீழும் கேட்கக் கூடாது என்று 1948 ஈ.எஸ்.ஐ. சட்டத்திலேயே ஒரு தடை எழுதப்பட்டிருந்தது. அதை எப்படிப் படிப்பது என்று வழக்கறிஞர்கள் நாங்கள் வாதாடிக்கொண்டிருக்கலாம்; மாதாமாதம் அந்த வாதத்தைச் சுமக்க உங்களால் முடியாது. தற்செயல் விடுப்புக்கு அந்தச் சிக்கல் இல்லை. நியாயமான காரணம் போதும். அரசு மருத்துவமனையில் பரிசோதனை என்பதைவிட நியாயமான காரணம் என்ன இருக்கிறது?

ஒன்றை மட்டும் நேராகச் சொல்லிவிட வேண்டும். சட்டம் நாட்களைத் தருகிறது. எந்தத் தேதியில் வேண்டுமானாலும் கேட்காமல் கொள்ளாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லவில்லை. முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு, கடை அடைக்கும் நேரத்தில் "அண்ணாச்சி, நாளைக்கு லீவு" என்றால் எந்த முதலாளிக்கும் எரிச்சல் வரும். ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் அவர்களுக்கு ஆண்டு வருமானத்தைத் தீர்மானிக்கும் காலம் என்பதையும் நாம் பொய்யென்று சொல்ல முடியாது. அதனால்தான் தேதிகளை முன்கூட்டியே, மொத்தமாக, எழுத்தில் கொடுக்கச் சொல்கிறேன்.

ஒரு நாளுக்கு இரண்டு நாள்

இது சட்டவிரோதம். இதில் இரண்டு பக்கம் இல்லை. வேலைக்கு வராத நாளுக்குப் பிடிக்கும் தொகை, வராத நேரத்தின் விகிதத்தைத் தாண்டக் கூடாது என்பது பழைய சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலும் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் ஒன்றுசேர்ந்து, முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இல்லாமல் வேலைக்கு வராமல் போனால் மட்டும் கூடுதலாகப் பிடிக்க ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்கள் ஒருவர், மருத்துவமனைக்குப் போனவர். அந்த விதிவிலக்கு உங்கள் பக்கமே வராது.

உங்கள் சம்பளத்தை முப்பதால் வகுத்தால் ஒரு நாளுக்கு 483 ரூபாய். மாதாமாதம் 966 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். தற்செயல் விடுப்பாகக் கணக்கிட்டிருந்தால் ஒரு ரூபாய்கூடப் பிடித்திருக்கக் கூடாது. தவறாகப் பிடித்ததைத் திரும்பக் கேட்டு மனுப்போட ஊதியச் சட்டத் தொகுப்பில் மூன்று ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது. ஆகவே அவசரம் இல்லை. இப்போதே பழைய பணத்தைக் கேட்டுச் சண்டையைத் தொடங்காதீர்கள் என்பது என் யோசனை. எந்த மாதம் எந்தத் தேதியில் போனீர்கள், அந்த மாதம் வங்கிக் கணக்கில் எவ்வளவு வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மருத்துவமனைச் சீட்டுகளில் தேதி முத்திரை இருக்கும். அவற்றைக் கிழித்துப் போடாதீர்கள். அந்த நோட்டு பின்னால் பேசும்.

உங்கள் வேலை நேரம் காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடைகள் சட்டப்படி நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்பு ஊதியம். அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள், தனியாகப் பதில் எழுதுகிறேன்.

ஈ.எஸ்.ஐ. எதைத் தரும், எதைத் தராது

உங்களோடு வேலை செய்பவர், "ஈ.எஸ்.ஐ.யில் எழுபது சதவீதம் தருவார்கள், இந்த நோய்க்கு இரண்டு வருஷம்கூட வீட்டிலிருக்கலாம்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னதில் பாதி சரி. தப்பான பாதியை நம்பித்தான் நீங்கள் கணக்குப் போட்டிருக்கிறீர்கள்.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. உங்கள் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், அதுதான் அந்த 109 ரூபாய். முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், அதாவது 472 ரூபாய். 1948ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இப்போது 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டாலும் திட்டம் அதேதான். நோயால் வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சராசரி நாள் ஊதியத்தில் 70 சதவீதத்தை, ஓராண்டில் 91 நாள் வரை தருவார்கள். அதற்கு உரிய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும்.

இதில்தான் ஒரு முடிச்சு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. முந்தைய நோய்க்காலம் முடிந்து பதினைந்து நாளுக்குள் மறுபடி உடம்பு முடியாமல் போனால் மட்டுமே அந்த இரண்டு நாள் கழிவு இல்லை. நீங்கள் மாதத்துக்கு ஒரு நாள் போகிறீர்கள். அந்த ஒரு நாள் கழிவிலேயே போய்விடும். ஆகவே உங்கள் வியாழக்கிழமைகளுக்கு ஈ.எஸ்.ஐ.யிலிருந்து ஒரு காசும் வராது. அதை எதிர்பார்த்து மருந்தகத்தில் வரிசையில் நிற்க வேண்டாம்.

நோய் திடீரென்று கூடிப் பத்து நாள் படுத்துவிட்டீர்கள் என்றால் கதை வேறு. இரண்டு நாள் கழிந்து எட்டு நாளுக்கு, நாளுக்குச் சுமார் 338 ரூபாய் வீதம், 2,700 ரூபாய் வரும். ஆனால் அதற்கு வேண்டியது ஈ.எஸ்.ஐ. மருத்துவர் தரும் சான்றிதழ். அரசு மருத்துவமனைச் சீட்டை மட்டும் நீட்டினால் பணம் தானாக வந்துவிடாது. ஆறு ஆண்டுகளாகச் சந்தா கட்டியும் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தின் பக்கமே போனதில்லை என்கிறீர்கள். ஒரு விடுமுறை நாளில் அல்ல, மருந்தகம் திறந்திருக்கும் நாளில் போய் உங்கள் காப்பீட்டு எண்ணைக் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். இதுவரையிலான சிகிச்சைக் காகிதங்களின் நகலை அங்கே ஒருமுறை காட்டிவைத்தால், அவசரத்தில் புதிதாகக் கதை சொல்ல வேண்டியிருக்காது. ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் பெயரில் எத்தனை நாளுக்குச் சந்தா கட்டியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். சம்பளத்தில் பிடிப்பது ஒன்று, கட்டுவது இன்னொன்று என்று இருக்கும் கடைகளும் உண்டு.

இரண்டு வருடம் என்று அவர் சொன்னது, நீண்டகால நோய்களுக்கான நீட்டித்த பயன். அது 80 சதவீதம். ஆனால் அது 34 நோய்கள் கொண்ட ஒரு பட்டியலுக்கு உரியது: காசநோய், புற்றுநோய், பக்கவாதம், நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு போன்றவை. முடக்குவாதம் அதில் தனியாக இடம்பெறவில்லை. "வாதம்" என்ற சொல் பொதுவாக இருப்பதால் பக்கவாதத்தோடு அதைக் குழப்பியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

சொல்வதா, மறைப்பதா

கடையில் நோயைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. தற்செயல் விடுப்புக்கு நோயின் பெயர் தேவையே இல்லை. ஆனால் நோயைச் சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. நாத்தனார் வீட்டில் சடங்கு என்று சொல்லிவிட்டு மருத்துவமனை வரிசையில் நிற்கும்போது கடையிலிருந்து ஒருவர் உங்களைப் பார்த்துவிட்டால், அதுவரை அவர்கள் கையில் இல்லாத ஒரு காரணத்தை நீங்களே எடுத்துக் கொடுத்தவர் ஆவீர்கள். "பொய் சொல்லி விடுப்பு எடுத்தார்" என்பது ஒழுங்கீனக் குற்றச்சாட்டாக எழுதப்படும். நோயாளி என்பதற்காக நீக்கினோம் என்று எந்தக் கடையும் எழுதாது. பொய் சொன்னதற்காக என்று தாராளமாக எழுதும்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. "எனக்கு அரசு மருத்துவமனையில் தொடர் சிகிச்சை நடக்கிறது, மாதம் ஒரு நாள் நேரில் போக வேண்டும்." இவ்வளவு போதும். மேலே கேட்டால், "மருத்துவர் கவனித்துக்கொள்கிறார், வேலைக்குத் தடையில்லை" என்று சொல்லுங்கள். மேலாளர் ஏற்கெனவே மோப்பம் பிடித்துவிட்டதால் இனி முழுக்க மறைப்பதில் பயனும் இல்லை. மேலாளரிடம் கேட்காமல் நேரே அண்ணாச்சியிடம் கடிதத்தைக் கொடுங்கள். ஆறு ஆண்டு வேலை செய்தவர் நேரில் போய் நிற்கலாம்.

வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களா என்று கேட்கிறீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமலும் நீக்கக் கூடாது என்று கடைகள் சட்டத்தின் 41ஆவது பிரிவு சொல்கிறது. ஒழுங்கீனம் என்றால் முன்னறிவிப்பு வேண்டியதில்லை. ஆனால் விசாரணை நடத்திக் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். நீக்கினால் தொழிலாளர் துணை ஆணையரிடம் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மாதம் ஒரு நாள், அதுவும் சட்டம் தந்த விடுப்பில், மருத்துவமனைக்குப் போவதை நியாயமான காரணம் என்று அங்கே நிலைநாட்டுவது அவர்களுக்கு எளிதாக இருக்காது.

ஆனால் சட்டப் புத்தகத்தை மட்டும் காட்டி உங்களை அனுப்பிவைத்தால் அது நேர்மையில்லை. ஜவுளிக்கடைகளில் யாரையும் உத்தரவு எழுதி நீக்குவது அரிது. சேலைப் பிரிவிலிருந்து மூன்றாவது மாடிக்கு மாற்றுவார்கள், வாரவிடுமுறையைக் கலைப்பார்கள், எல்லோர் முன்பும் பேசுவார்கள். தானாகவே போய்விடட்டும் என்பதுதான் வழக்கமான முறை. இதற்குச் சட்டத்தில் உடனடி மருந்து இல்லை. எழுத்தில் ஒரு கடிதம் இருந்தால், அதற்குப் பிறகு நடப்பவை எல்லாம் அந்தக் கடிதத்துக்கான பழிவாங்கலாகத் தெரியும். அந்த ஒரு பாதுகாப்பு உண்டு. வாசலிலேயே நிறுத்தி "நாளையிலிருந்து வராதே" என்றால், அன்றைக்கே "இன்று வேலைக்கு வந்தேன், அனுமதிக்கவில்லை" என்று வாட்ஸ்அப்பிலும், ஒப்புகை அட்டையுடன் அஞ்சலிலும் அனுப்புங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தருவார்கள்.

போகவே வேண்டிய நிலை பின்னால் வந்தாலும் வெறுங்கையோடு போகாதீர்கள். ஐந்தாண்டு தாண்டிவிட்டதால் பணிக்கொடை உங்களுக்கு உண்டு; ராஜினாமா செய்தாலும் உண்டு. அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,500 என்றே வைத்துக்கொண்டால், அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஆறு ஆண்டுக்குக் கணக்கிட்டால் 50,192 ரூபாய் வருகிறது. மேலாளர் "எழுதிக் கொடு" என்று சொன்னபோது இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

கடிதம்

அடுத்த வியாழக்கிழமை மருத்துவரிடம், "மாதந்தோறும் நேரில் பரிசோதனைக்கு வர வேண்டும்" என்று சீட்டிலேயே ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் நூறு பேர் நிற்பார்கள்; நீளமான சான்றிதழ் கேட்காதீர்கள். நோய் கட்டுக்குள் இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதுமா என்றும் கேட்டுப்பாருங்கள். சிலருக்குப் போகப்போக அப்படி நீட்டிக்கொடுப்பதுண்டு. அவர் முடியாது என்றால் முடியாதுதான்.

பிறகு, கீழே இருப்பதை உங்கள் கையெழுத்திலேயே எழுதுங்கள். தட்டச்சு வேண்டாம், வக்கீல் வாடை அடிக்கும்.

"ஐயா, தங்கள் கடையின் சேலைப் பிரிவில் ஆறு ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறேன். எனக்கு அரசு மருத்துவமனையில் தொடர் சிகிச்சை நடந்து வருகிறது. மாதம் ஒருமுறை வியாழக்கிழமையன்று நேரில் செல்ல வேண்டியுள்ளது. அடுத்த ஆறு மாதத்துக்கான தேதிகளைக் கீழே குறித்துள்ளேன். இந்த நாட்களை எனக்குரிய தற்செயல் விடுப்பில், சம்பளத்துடன், கணக்கிட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பரிசோதனை முற்பகலில் முடிந்தால் அன்று பிற்பகலே வேலைக்கு வந்துவிடுவேன். அதை அரை நாள் விடுப்பாகக் கொள்ள வேண்டுகிறேன். மருத்துவமனை தேதியை மாற்றினால் உடனே தெரிவிப்பேன். மருத்துவமனைச் சீட்டின் நகலை இணைத்துள்ளேன்."

சட்டப் பிரிவு எண் எதையும் இதில் எழுதவில்லை, வேண்டுமென்றேதான். முதல் கடிதத்திலேயே பிரிவு எண் வந்தால் அண்ணாச்சி உடனே அவருடைய ஆடிட்டரைக் கூப்பிடுவார். இரண்டாவது கடிதம் எழுத வேண்டி வந்தால் அதில் போட்டுக்கொள்ளலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்டத்திலிருக்கும் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில், அமலாக்கப் பிரிவில், மனுக் கொடுக்கலாம். அண்ணாச்சிக்கான கடிதத்தை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் கடிதத்தைப் படம் பிடித்து அன்றைக்கே அவருடைய எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

அரை நாள் யோசனையை நான் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு மணிக்கு மருத்துவமனையில் முடிந்து இரண்டு, இரண்டரைக்குக் கடைக்கு வந்துவிட்டால், மாலைக் கூட்டத்துக்கு நீங்கள் கையிருப்பில் இருக்கிறீர்கள். தீபாவளி மாதத்தில் அண்ணாச்சிக்கு வேண்டியதும் அந்த மாலைதான். உங்களுக்கும் பன்னிரண்டு நாளில் பாதி மிச்சமாகும். பிள்ளைக்கு உண்மையாகவே காய்ச்சல் வரும் நாளுக்கு அது உதவும். இரத்தம் எடுத்து அலைந்த நாளில் மறுபடி போய் நிற்க உடம்பு ஒத்துழைக்காவிட்டால் முழுநாள் விடுப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வாரவிடுமுறையை வியாழக்கிழமைக்கு மாற்றித் தருகிறேன் என்று அவர்கள் பேரம் பேசினால், தீபாவளி போன்ற நெருக்கடி மாதங்களில் மட்டும் ஒப்புக்கொள்ளலாம். ஆண்டு முழுவதற்கும் ஒப்புக்கொண்டால், மாதத்தில் ஒரு வாரம் உங்களுக்கு ஓய்வே இருக்காது. இந்த நோய்க்கு ஓய்வு எவ்வளவு முக்கியம் என்று உங்கள் மருத்துவர் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை இந்தக் கடிதத்தில் சேர்க்காதீர்கள், விடுப்பு ஒழுங்கான பிறகு கேளுங்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்கார விடுவதில்லை, கால் மூட்டும் வலிக்கத் தொடங்கிவிட்டது என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். 2021இல் நம் சட்டமன்றம் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதியாக எல்லா ஊழியர்களுக்கும் கடையில் இருக்கை இருக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவு. இதற்கு முன்பே 2018இல் கேரளம் இதைச் செய்துவிட்டது. அங்கே அதைச் சாதித்தது கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் உங்களைப் போலவே துணிக்கடைகளில் நின்றுகொண்டிருந்த பெண்கள். இருக்கையை உங்களுக்கு மட்டும் கேட்காமல் உங்கள் பிரிவில் இருக்கும் எல்லோருக்குமாகக் கேளுங்கள். நோயாளி கேட்கிறாள் என்ற பேச்சு அப்போது வராது. எத்தனை பேர் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.